எட்டாம் மாத அரிப்பு

மாரிச்செல்விக்குத் தன் உடம்பைப் பற்றி அடுத்தவரிடம் பேசத் தெரியாது. வன்னியம்பட்டியில் அவள் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அப்பாவும் அண்ணனும்தான் வீடு. வயிறு வலித்தால் போர்வையைச் சுருட்டி அடிவயிற்றுக்கு அண்டக் கொடுத்துக் குப்புறப் படுத்துக்கொள்வாள். என்னவென்று கேட்டால் தலைவலி என்பாள். அப்படியே வளர்ந்து பிளஸ் டூ முடித்தாள். கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றத் தொடங்கியதும் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சேர்ந்தாள். வெளுத்துக் காயவைத்த மெல்லிய துணியை அளவாக வெட்டி, இறுக்கிச் சுற்றி, தாளில் பொதிந்து அடுக்குகிற வேலை.

அங்கிருந்துதான் சேத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மாப்பிள்ளை வேல்பாண்டி பட்டாளத்துக்காரன். லீவில் வந்து தாலி கட்டினான், லீவு முடிந்ததும் காஷ்மீருக்கு ரயிலேறிவிட்டான். மாமனார் சின்னக்கருப்பன் விடிந்தால் தென்னந்தோப்புக்குப் போய்விடுவார். வீட்டில் மாமியார் செல்லத்தாயும் இவளும்தான். செல்லத்தாய் வாய் கொஞ்சம் நீளம். மனசு அப்படி இல்லை. மருமகள் வேலைக்குப் போவதைக்கூட அவள்தான் நிறுத்த வேண்டாம் என்றாள். "வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தா கிறுக்குப் பிடிச்சிரும். பஸ்ஸு வாசல்ல நிக்குது, போயிட்டு வா" என்றாள்.

அடுத்த லீவில் மாரிச்செல்வி முழுகாமல் ஆனாள்.

செல்லத்தாய் கைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேல்பாண்டி கொண்டுவந்து கொடுத்திருந்த குங்குமப்பூவைப் பாலில் போட்டுத் தினமும் கொடுத்தாள். சோப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டுப் பாசிப்பயறு அரைத்து வந்தாள். "கடைச் சாமான் ஒண்ணும் மேல படக்கூடாது. நாம தேய்க்கிறது தோலு வழியா பிள்ளைக்குப் போகும்" என்றாள். ஐந்தாம் மாதம் மாரிச்செல்வியின் கன்னத்தில் கருந்திட்டாக மங்கு விழுந்தது. கம்பெனியில் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த வெங்கடேஸ்வரி அதைப் பார்த்தாள். அவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், மூன்று பிள்ளை பெற்றவள்.

"யாராச்சும் வெள்ளை ஆக்குற க்ரீமைக் கொடுத்தா வாங்கிராத. இது பிள்ளை பெத்த பொறவு தானா கலைஞ்சிரும். எனக்கும் வந்துச்சு, பரவாலேது."

மாரிச்செல்வி தலையாட்டினாள். மங்கைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. போனில் வேல்பாண்டிதான் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது வலது உள்ளங்கை அரித்தது. மேஜை விளிம்பில் தேய்த்துக்கொண்டாள். வெங்கடேஸ்வரி பார்த்துவிட்டு, "பணம் வரப்போகுது உனக்கு" என்றாள். மறுநாள் இடது கையும் அரித்தது. அடுத்து உள்ளங்கால்கள். பேருந்தில் உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றிவிட்டு, முன் சீட்டுக் கம்பியில் காலைத் தேய்த்துக்கொண்டு வருவாள். தடிப்பில்லை, கொப்புளமில்லை, ஒன்றுமில்லை. பார்த்தால் நல்ல தோல். உள்ளேயிருந்து யாரோ ஊசியால் நெருடுவது போல இருக்கும். ஒரு வாரத்துக்குள் கை, கால், வயிறு, முதுகு என்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது.

பஞ்சுத் தூசிதான் காரணம் என்றார்கள் கம்பெனியில். செல்லத்தாயும் அதையே சொல்லி வேலையை நிறுத்தினாள். வேலையை விட்டும் அரிப்பு விடவில்லை. செல்லத்தாய் வேப்பிலை கொதிக்கவைத்துக் குளிப்பாட்டினாள். தேங்காயெண்ணெய் தடவினாள். குப்பைமேனியை உப்பு வைத்து அரைத்துப் பூசினாள். அது சொறிந்த இடமெல்லாம் தீயாக எரிந்தது. பகலில் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். படுத்தால் கூடிவிடும். மாரிச்செல்வி எழுந்து போய் அடுப்படியில், புதிதாகக் கொத்திய அம்மியின் மேல் உள்ளங்காலை வைத்துத் தேய்ப்பாள். ரத்தம் கசிந்தால்தான் செத்த நேரம் நிம்மதி.

செல்லத்தாய் அவளை ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். கூட்டம் நிறைய. டாக்டரம்மா அட்டையைப் பார்த்தபடியே கேட்டார்.

"எங்கம்மா அரிக்குது?"

"மேலெல்லாம் அரிக்குதும்மா இவளுக்கு" என்றாள் செல்லத்தாய். "பேண்டேஜ் கம்பெனியில வேலை பாத்தா. தூசி சேரலை போல."

"வயிறு விரியும்போது தோல் இழுபட்டு அரிக்கத்தான் செய்யும். லோஷன் எழுதுறேன், தடவுங்க. சொறியாதீங்க."

மாரிச்செல்விக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சில நாளாகச் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அறைக்குள் வந்திருந்தாள். பக்கத்தில் மாமியார் நின்றாள். கதவருகே அடுத்த பெண் தன் புருஷனோடு நின்றாள். டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார். எழுந்து வந்துவிட்டாள்.

லோஷன் ரோஸ் நிறத்தில் இருந்தது. பூசினால் காயும்வரை குளுகுளுவென்று இருக்கும், காய்ந்தால் பழைய கதைதான்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு நடந்தது. வன்னியம்பட்டியிலிருந்து அப்பாவும் அண்ணனும் வந்தார்கள். தாயில்லாப் பெண் என்பதால் பிரசவத்தைச் சேத்தூரிலேயே பார்த்துக்கொள்வதாகச் செல்லத்தாய் சொல்லிவிட்டாள். முழங்கைவரை அடுக்கிய வளையல்கள் நகக்கீறல்களை மறைத்துவிட்டன. பெண்கள் வரிசையாக வந்து கையிலும் கன்னத்திலும் சந்தனம் பூசினார்கள். பூசுகிற நேரம் மட்டும் அரிப்பு அடங்கியது. இன்னும் பத்துப் பேர் வந்து பூசினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. புகைப்படத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். எல்லோரும் அதை வெட்கம் என்று நினைத்தார்கள்.

அதன் பிறகுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். சம்பளப் பாக்கி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக இராஜபாளையம் போனவள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் நின்று, "அரிப்புக்கு ஏதாச்சும் கொடுங்க" என்றாள். கடைக்காரர் அவளுடைய வயிற்றைப் பார்த்தாரோ இல்லையோ, ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ பேர் படைக்கும் சிரங்குக்கும் வாங்கிப் போடுகிற க்ரீம்தான் அது. மாரிச்செல்வி அதைத் துணிப் பெட்டிக்குள் பழைய பாவாடையில் சுற்றி வைத்தாள். செல்லத்தாய் குளிக்கப் போகும்போது எடுத்துக் கையிலும் வயிற்றிலும் தேய்த்துக்கொள்வாள். அரிப்பு குறைந்ததா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. தேய்க்கும்போது ஏதோ செய்கிறோம் என்று இருந்தது, அம்புட்டுத்தான்.

டியூப் பாதிகூடத் தீரவில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, காலையிலேர்ந்து பிள்ளை அசையலை."

"தூங்கும்ட்டி. கடைசி மாசத்துல இடம் பத்தாது, அதான் அசைவு குறையும்" என்று சொன்ன செல்லத்தாய், சீனித்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தாள். தானும் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண் கருவியை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு, திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டாள். அப்போதே மாரிச்செல்விக்குத் தெரிந்துவிட்டது.

மருந்து ஏற்றி வலி வரவைத்தார்கள். உயிருள்ள பிள்ளைக்கு எவ்வளவு வலியோ அவ்வளவு வலி இதற்கும். ஆண் குழந்தை. நகம்வரை முழுசாக இருந்தது. ஏன் இப்படி என்று சின்னக்கருப்பன் கேட்டதற்கு, சில சமயம் காரணம் தெரிவதில்லை என்றார்கள். அவர் துண்டில் வாங்கிக்கொண்டு போய்த் தோப்பின் ஓரத்தில் புதைத்தார். வேல்பாண்டிக்கு லீவு கிடைத்து அவன் வந்து சேர்ந்தபோது மண் காய்ந்திருந்தது.

பிள்ளை போன இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிட்டது. கை கால் எல்லாம் அப்படியே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக இறுகியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பால் வற்ற மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னார்கள், செல்லத்தாய் கட்டிவிட்டாள். அந்த வாடைக்கு வேல்பாண்டி வெளியே எழுந்து போனான்.

துணி துவைக்க எடுத்தபோது செல்லத்தாயின் கையில் அந்த டியூப் சிக்கியது.

"இது என்னதுட்டி?"

மாரிச்செல்வி அதை வாங்கக் கை நீட்டினாள்.

"பிள்ளைத்தாச்சி மேல இதையா தேச்ச? படிச்சுப் படிச்சுச் சொன்னனே. தோலு வழியாவே பிள்ளையைக் கொன்னுட்டியே."

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

மாரிச்செல்வி மறுபடி வேலைக்குப் போனாள். முன்னைவிட வேகமாகத் துணி சுற்றினாள். ஆனால் உடம்பில் எதையும் தடவுவதை விட்டுவிட்டாள். முதலில் பவுடர், பிறகு சோப்பு, பிறகு மஞ்சள், கடைசியில் தலைக்கு எண்ணெய்கூட இல்லை. வெறுந்தண்ணீரில் குளித்தாள். வெங்கடேஸ்வரி ஒரு நாள் தன் பையில் வைத்திருந்த தேங்காயெண்ணெயில் கொஞ்சம் எடுத்து அவள் முழங்கையில் தேய்க்கப் போனபோது, சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். லீவில் வந்த வேல்பாண்டி, "கை ஏன் செல்வி இப்படிச் சொரசொரன்னு இருக்கு?" என்று கேட்டான். "துணி பிடிக்கிற கை அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி முழுகாமல் ஆனாள். மூன்று மாதம்வரை யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். கேப்பைக் கூழ், முட்டை, கீரை, கொடுத்ததையெல்லாம் மறுக்காமல் சாப்பிட்டாள். தோல் மட்டும் பாளம்பாளமாக வறண்டது. குதிகால் பிளந்து, நடந்தால் தரையில் ரத்தப்பொட்டு விழும். செல்லத்தாய் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

"காலை நீட்டு. தேங்காண்ணெய் என்ன செஞ்சிரப் போகுது?"

"வேண்டாம் அத்தை."

"ஏட்டி, வெடிச்சுக் கிடக்கு."

"வேண்டாம்."

செல்லத்தாய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எதனால் வேண்டாம் என்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். வாயில் என்னவோ வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

ஏழாம் மாதக் கடைசியில் உள்ளங்கை அரித்தது.

மாரிச்செல்வி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செய்ததற்குத் தண்டனை என்று நினைத்தாள். பிறகு, இந்தத் தடவை எதுவும் தடவவில்லையே, சொறியாமலும் இருந்துவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். சதை தெரிய நகத்தை வெட்டினாள். கையை மண்பானைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்பாள். முழங்கைவரை வரும் ரவிக்கை போட்டாள். தூக்கத்தில் தன்னறியாமல் சொறிந்துவிடுவோமோ என்று படுக்கும்போது இரண்டு கையையும் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அப்படியும் கட்டு அவிழ்ந்து, சில நாள் விடியும்போது மேல்கையில் புதுக் கீறல் இருக்கும். சிறுநீர் மறுபடி மஞ்சளாகப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. அரிக்கிறது என்று சொன்னால் எதையாவது தடவத்தானே சொல்வார்கள்.

அந்த மாதம் சேத்தூருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த கிராம செவிலியர் பரிபூரணம் வீட்டுக்கு வந்தார். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றுவதற்காக ரவிக்கைக் கையைச் சுருட்டியவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

"இது என்ன கோடு கோடா? அரிக்குதா உனக்கு?"

மாரிச்செல்வி ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"கையை விரி பாப்போம். எங்க அதிகமா அரிக்குது, உள்ளங்கையிலயா? உள்ளங்கால்லயும் இருக்கா?"

இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"மூத்திரம் எந்த நிறத்துல போகுது?"

"கடும் மஞ்சளா, பால் விடாத டீ மாதிரி."

"எத்தனை நாளா? ஏம்மா யாருகிட்டயும் சொல்லலை?"

"நான் ஒண்ணும் தடவலை அக்கா" என்றாள் மாரிச்செல்வி. "சத்தியமா ஒண்ணுமே தடவலை. சோப்புகூடப் போடலை."

பரிபூரணத்துக்கு அவள் சொன்னது புரியவில்லை. அவர் செல்லத்தாயைத் திரும்பிப் பார்த்தார். செல்லத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிலையைப் பிடித்து நின்றாள். கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று, செவிலியர் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். அன்றே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார்கள்.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு அங்கேயே படுக்கவைத்தார்கள். மறுநாள் டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் நின்று, பொறுமையாகத்தான் சொன்னார். இது தோல் வியாதி இல்லை. சில பேருக்குக் கர்ப்பக் கடைசியில் ஈரல் சுணங்கிப் போகும். பித்தநீர் போக வேண்டிய வழியில் போகாமல் ரத்தத்தில் சேரும். அதனால்தான் அரிப்பு. தாய்க்கு அரிப்போடு போய்விடும். பித்தநீர் மிகவும் கூடிவிட்டால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. மாத்திரை கொடுத்து, பிள்ளையின் துடிப்பைத் தினமும் பார்த்து, நாள் நிறையும் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும்.

"மொதப் பிள்ளைக்கும் இப்படித்தான் அரிச்சுது" என்றாள் செல்லத்தாய். "அப்ப ஒரு க்ரீம் வாங்கித் தேச்சா. அதுலதான்..."

"என்ன க்ரீம்?"

செல்லத்தாய் டியூபின் நிறத்தையும் அதில் எவ்வளவு தீர்ந்திருந்தது என்பதையும் சொன்னாள். டாக்டருக்குப் புரிந்தது.

"கேக்காம அதையெல்லாம் போடக்கூடாதுதான். ரொம்ப நாள் போட்டா தோல் மெலிஞ்சு கெட்டுப்போகும். ஆனா அவ்வளவு கொஞ்சம் போட்டதுக்குப் பிள்ளை சாகாது. அன்னைக்கும் இதே ஈரல் கோளாறாத்தான் இருந்திருக்கணும். இப்ப உறுதியாச் சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு மாரிச்செல்வி முதல் முறையாக வாய் திறந்தாள்.

"அன்னைக்கு ரத்தம் பாத்திருந்தா?"

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இப்ப இந்தப் பிள்ளையைப் பாப்போம்மா" என்றார்.

போகும்போது செல்லத்தாய் அவர் பின்னாலேயே போய், காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாமா என்று கேட்டு வந்தாள். தாராளமாகத் தடவலாம், மணமில்லாத சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம், வறண்டால் இன்னும் அதிகமாகத்தான் அரிக்கும் என்று சொல்லியிருந்தார். செல்லத்தாய் கடையில் எண்ணெய் வாங்கிவந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மருமகளின் காலை எடுத்து மடியில் வைத்தாள். மாரிச்செல்வி காலை மெதுவாக இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சாயந்திரம் தானே எண்ணெயை எடுத்துத் தேய்த்துக்கொண்டாள்.

நாள் நிறைவதற்கு முன்பே வலி வரவைத்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். தேங்காய் அளவுதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் கிடந்து பிழைத்துக்கொண்டது. வேல்பாண்டி இந்தத் தடவை நேரத்துக்கு வந்து சேர்ந்தான். யுவராணி என்று பெயர் வைத்தான். தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தான். அடுத்த பிள்ளைக்கும் இது திரும்ப வரக்கூடும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதும் மாரிச்செல்வி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றாள். யோசித்துச் சொல் என்றான் அவன். யோசித்துவிட்டேன் என்றாள். சேத்தூருக்குத் திரும்பியதும் செய்துகொண்டாள்.

அரிப்பு முன்போலவே இரண்டு நாளில் போய்விட்டது. சொறிந்த தழும்புகள் மட்டும் கறுப்பாகத் தங்கிவிட்டன. அவற்றுக்கு அவள் ஒன்றும் போடவில்லை.

யுவராணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய ஒரு காலையில், செல்லத்தாய் பிள்ளையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிப்புட்டேன் செல்வி. தெரியாம சொன்னது. மனசுல வைக்காத."

மாரிச்செல்வி பிள்ளையின் சட்டையை உதறி நீட்டினாள்.

"அந்த கிளினிக்ல வச்சு மூத்திரம் மஞ்சளாப் போறதைச் சொல்லியிருக்கலாம் அத்தை. வாய் வரைக்கும் வந்துச்சு."

செல்லத்தாய் பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுவிட்டாள். அந்த மருந்துக்கடைக்காரர் மேல், அவசர அவசரமாக மணியடித்த டாக்டரம்மா மேல், ஒரு சொல் சொன்ன மாமியார் மேல் பழியைப் போட்டிருக்கலாம் மாரிச்செல்வி. க்ரீம் கொல்லவில்லை என்று தெரிந்ததும் மனசு லேசாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுவரை பிள்ளை போனதைத் தெரியாமல் செய்த தப்பு என்று ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது பிழைக்கவைத்திருக்கக் கூடிய பிள்ளை என்று ஆகிவிட்டது.

யுவராணிக்கு இப்போது மூன்று வயது நடக்கிறது. வெயிலில் விளையாடினால் கழுத்தில் வேர்க்குரு வரும், தோப்புக்குப் போனால் கொசு கடித்துத் தடிக்கும். மாரிச்செல்வி அன்றைக்கே கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறாள். அங்கே, எப்போது வந்தது, எங்கெங்கே இருக்கிறது, ராத்திரி தூங்கினாளா, சிறுநீர் என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒன்றுவிடாமல் சொல்கிறாள். கொசுக்கடிக்கு இவ்வளவா என்று சிரித்துப் பேசுகிறார்கள் தெருவில். அவள் காதில் அது விழுகிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள்.